ஓசூருக்கு ஒரு பூசணிக்காய்

காலைப் பார்த்து வையுங்க தம்பி. அந்தப் பையில பூசணிக்காய் இருக்குது. இல்ல இல்ல, சாம்பாருக்கு இல்ல. சாம்பாருக்குப் பூசணிக்காய் வேணும்னா ஓசூர்ல கெடைக்காதா, கிளாம்பாக்கத்துல இருந்தா பஸ்ஸுல வெச்சுத் தூக்கிட்டுப் போவேன்? இது ஒருத்திக்கு. அவளுக்குக் குடுக்கவும் இல்ல. அவ காலடியில போட்டு ஒடைக்கப் போறேன். ஒடைச்சிட்டு அவ கையாலயே அள்ள வைக்கப் போறேன். வெறுங்கையால. அதான் முக்கியம், வெறுங்கையால.

தள்ளி உக்காராதீங்க, நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. பேரு தாண்டவராயன். சென்ட்ரிங் மேஸ்திரி. மாடி போடுறதுக்கு முன்னால கீழ முட்டுக் குடுத்து, மேல இரும்புத் தகடு அடுக்கி வெச்சு, அது மேல கான்கிரீட் கொட்டுவாங்க இல்ல, அந்த வேலை. கான்கிரீட் இறுகினதும் அதைப் பிரிச்சு எடுக்கிறதும் நாங்கதான். நீங்க குடியிருக்கிற வீட்டுக் கூரையை முதல்ல தாங்கினது என்னை மாதிரி ஒருத்தன்தான், நெனச்சுப் பார்த்திருக்க மாட்டீங்க. ஊரு திண்டிவனம் பக்கம். என் செட்டுல இருக்கிறவன் எல்லாம் எங்க ஊர்க்காரன், சொந்தக்காரன். என் மாப்பிள்ளையும் என்கிட்டதான் வேலை. மணிபாலன்னு பேரு. எனக்கு ஒரே பொண்ணு சுகந்தி, அவ புருஷன். இப்ப ஆஸ்பத்திரியில படுத்த படுக்கையா இருக்கான். இடுப்புக்குக் கீழ கிள்ளினாலும் தெரியலங்கிறான்.

அதுக்கு யார் காரணமோ அவளைப் பார்க்கத்தான் இப்ப போறேன்.

பேரு இளவரசி. சேப்டி ஆபீசர். எங்க சைட்டு சென்னையில, பழைய மகாபலிபுரம் ரோட்டு மேல, பெரிய அடுக்குமாடி. அவ வர்றதுக்கு முன்னால நாங்க எவ்வளவு நிம்மதியா இருந்தோம் தெரியுமா? ஆணி குத்தினா குத்தும். சுண்ணாம்போ மஞ்சளோ வெச்சுக் கட்டிட்டு ஏறிடுவான். விழுறவன் விழுவான், ஊருக்குப் போவான், கொஞ்ச நாள் கழிச்சு நொண்டிக்கிட்டே வருவான். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்ல. சண்டை சச்சரவே கெடையாது.

அப்ப வந்து எறங்கினா இவ. என் பொண்ணைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். காலுல பூட்ஸு, தலையில வெள்ளை ஹெல்மெட்டு. காலையில வேலைக்கு ஏறுற முன்னாடி எல்லாரையும் பள்ளிக்கூடத்துப் பசங்களாட்டம் வரிசையில நிக்க வெப்பா. ஹெல்மெட் எங்க, வாரை மாட்டு, பெல்ட்டைக் காட்டு, கொக்கியைக் காட்டு, நேத்து சரக்கு அடிச்சியா, ஊது பார்க்கலாம். என்னையும் ஊதச் சொன்னா தம்பி. என் ஆளுங்க முன்னாடி. நான் குடிக்கிறதில்ல, அது வேற விஷயம். ஆனா ஊதச் சொல்லலாமா? மேஸ்திரின்னா ஒரு மரியாதை இல்ல?

பேசுறது மட்டும் அண்ணா, அண்ணா. "அண்ணா, நீங்க மாட்டினாத்தான் அண்ணா மத்தவங்களும் மாட்டுவாங்க." தேனா ஒழுகும். மத்தியானம் வெயில்ல எல்லாருக்கும் மோர் குடுக்கணும்னா. பொம்பளைங்களுக்குத் தனியா கக்கூஸ் கட்டித்தான் ஆகணும்னு ஆபீஸ்ல போய் நின்னா, கட்ட வெச்சா. சித்தாளுங்க எல்லாம் ஒரேயடியா அவ பக்கம் சாய்ஞ்சிட்டாளுங்க. இப்படித்தானே ஆளை மயக்குறது? என் மாப்பிள்ளையும் அப்படித்தான். பல்லைக் காட்டிக்கிட்டு முதல் வரிசையில நிப்பான். அவ கேள்வி கேட்டா முதல் ஆளாக் கையைத் தூக்குவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

லிப்ட் குழின்னா தெரியுமா உங்களுக்கு? லிப்ட்டு வர்றதுக்காகக் கீழ இருந்து உச்சி வரைக்கும் கெணறு மாதிரி ஒரு ஓட்டை விட்டிருப்போம். லிப்ட்டு கடைசியிலதான் வரும், அதுவரைக்கும் சும்மாத்தான் கெடக்கும். அதுல ரெண்டு மாடிக்கு ஒரு வலை கட்டணும்னா. வாசலுக்கு வாசல் பைப்பு வெச்சுத் தடுப்பு கட்டணும்னா. எங்களை வெச்சே கட்ட வெச்சா. ஒரு தடவை பூச்சு வேலை பார்க்கிற கொத்தனார் ஒருத்தன், தடுப்பைத் தாண்டி எட்டிப் பூசுறேன்னு போய் உள்ள விழுந்துட்டான். வலையில கெடந்து ஆடிக்கிட்டே ஐயோ அம்மான்னு கத்துறான். நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அவ மட்டும் சிரிக்கல. மூஞ்சி வெளுத்துப்போய் நின்னா. "பார்த்தீங்களா அண்ணா, வலை இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?"னு என்னைக் கேக்குறா. நான் சொன்னேன், வலை இருக்கிற தைரியத்துலதான் மேடம் அவன் எட்டினான், இல்லேன்னா பார்த்து நின்னிருப்பான்னு.  அவ அதைக் காதுலயே வாங்கல, அவனைத் தூக்கிட்டு வலையோட நாலு மூலையையும் இழுத்துப் பார்க்கப் போயிட்டா.

சரி, இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது ஒண்ணு பண்ணினா.

நாங்க அமாவாசைக்கு அமாவாசை சைட்டுல திருஷ்டி கழிப்போம். கட்டடம் ஒசர ஒசரப் போறவன் வர்றவன் கண்ணெல்லாம் அது மேலதானே. வெள்ளைப் பூசணிக்காயில ஓட்டை போட்டு, குங்குமம் கரைச்சு ஊத்தி, மேல சூடத்தை ஏத்தி, கட்டடத்தைச் சுத்திட்டு வந்து ஓங்கிப் போட்டு ஒடைக்கணும். அது என் கையாலதான் ஒடைக்கிறது, எந்த சைட்டுக்குப் போனாலும். அந்த அமாவாசைக்கு சாய்வுப் பாதையில ஒடைச்சேன். மண்ணு, ஜல்லி எல்லாம் தள்ளிக்கிட்டு ஏறுவாங்களே, அந்த எடத்துல. நல்லாத் தெறிச்சுது. மனசுக்கு நெறைவா இருந்துச்சு.

மறுநாள் காலையில தலையில சட்டியோட ஏறின சித்தாள் ஒருத்தி அதுல வழுக்கி விழுந்துட்டா. பெரிசா ஒண்ணும் இல்ல, முழங்கையில சிராய்ப்பு. அவ பார்த்து நடக்கல, அவ்வளவுதான். இளவரசி ஓடி வந்தா. யாரு இதை இங்க ஒடைச்சதுன்னா. நான்தான்னேன். நான் எதுக்குப் பயப்படணும்? "அண்ணா, இதை எடுத்து வழியைச் சுத்தம் பண்ணிட்டு வேலைக்கு ஏறுங்க"ன்னா.

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நான் பொறுமையாத்தான் சொன்னேன். மேடம், இது திருஷ்டி கழிச்சது, இதைக் கையால தொடக் கூடாது, தொட்டா தொட்டவன் வீட்டுக்குப் போகும், தானா மழையில கரைஞ்சு போகணும்னு. அதுக்கு அவ, "மழை வர்ற வரைக்கும் ஆளுங்க இது மேல நடக்கணுமா அண்ணா?"ங்கிறா. சுத்தி அத்தனை பேரு. கம்பி கட்டுறவன், கொத்தனாரு, வடநாட்டுக்காரன், என் செட்டு ஆளுங்க, என் மாப்பிள்ளை. எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க. எடுத்தாத்தான் வேலைன்னு நிக்கிறா.

அள்ளினேன் தம்பி. குனிஞ்சு, இந்தக் கையாலதான் அள்ளினேன். கையெல்லாம் செவப்பு.

கிளவுஸா? குடுத்தா, குடுத்தா. "கிளவுஸ் போட்டுக்கோங்க அண்ணா"ன்னு நீட்டினா. எனக்கு எதுக்கு கிளவுஸு? இரும்பு பிடிச்சுக் காய்ச்சுப்போன கை இது. அவ குடுத்ததை நான் மாட்டணுமா? தட்டி விட்டுட்டேன். அவளும் கூடக் குனிஞ்சு ரெண்டு துண்டு எடுத்தா. நடிப்பு. ஆளுங்க பார்க்கிறாங்கன்னு நடிப்பு.

என்ன கேட்டீங்க? அவளும்தானே எடுத்தா, அவளுக்கு ஏன் ஒண்ணும் ஆகலையா? நல்லாக் கேட்டீங்க தம்பி, படிச்சவர் இல்ல. அதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா? அவ கிளவுஸ் போட்டிருந்தா. அதான் விஷயம். அவளுக்கு ஒட்டல. எனக்கு ஒட்டிக்கிச்சு. அதனாலதான் சொல்றேன், இந்தத் தடவை வெறுங்கையால அள்ள வைக்கணும். வந்த வழியாவே திருப்பி அனுப்பணும். அனுப்பிட்டா என் மாப்பிள்ளை காலு அசையும். நம்ப மாட்டீங்க, சிரிப்பீங்க. சிரிங்க.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவளை இந்த சைட்டை விட்டுத் துரத்தாம விடுறதில்லன்னு.

முதல்ல என்ன பண்ணேன்னா, என் ஆளுங்களைக் கூப்பிட்டேன். மேடம் சொல்றதை ஒண்ணு விடாமப் பண்ணுங்கடான்னேன். ஒரு அடி நகர்ந்தாலும் கொக்கியைக் கழட்டி மாட்டு. ஏணியில ஏறும்போது ஒருத்தன் கீழ பிடிச்சுக்க. ஒவ்வொரு பைப்பையும் ஆட்டிப் பார்த்துட்டு ஏறு. தாகம் எடுத்தா எறங்கி வந்து நிழல்ல நின்னு குடி. வேலை ஆமை மாதிரி நகரணும், பெரிய இன்ஜினியர் வந்து கத்தணும், ஏன்டான்னு கேட்டா மேடத்தைக் கையைக் காட்டணும். எப்படி நம்ம ஐடியா?

நகர்ந்துச்சு. இன்ஜினியரும் வந்தாரு, கத்தினாரு. ஆனா இவ என்ன பண்ணினா தெரியுமா? எனக்கு மாலை போட்டுட்டா. நெசமாத்தான் சொல்றேன். காலையில அந்த வரிசையில என்னை முன்னால கூப்பிட்டு, இந்த மாசம் பாதுகாப்பா வேலை பார்த்த மேஸ்திரி நம்ம தாண்டவராயன் அண்ணான்னு சொல்லி, கைதட்ட வெச்சு, சோறு சூடா இருக்கிற டப்பா ஒண்ணைப் பரிசாக் குடுத்தா. கேட்டுல என் போட்டோவை ஒட்டினா. போறவன் வர்றவன் எல்லாம் சல்யூட் அடிக்கிறான். கேலி தாங்க முடியல. என் மாப்பிள்ளை அந்தப் போட்டோவை போன்ல பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான். என் பொண்ணு போன் பண்ணி, "அப்பா, இந்த மாசம் முழுக்க உன் செட்டுல யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லையாமே"ன்னு குதிக்கிறா. கீறல் இல்லாம இருந்தது அவளை மாட்டி விடுறதுக்கும்மான்னு பொண்ணுகிட்ட சொல்ல முடியுமா? 

இந்த ஆட்டம் வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு. காத்துக்கிட்டிருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும். கான்கிரீட் இறுகுற வரைக்கும் காத்திருந்தே பழகினவன் நான்.

எங்க கம்பெனி மொதலாளிக்கு பக்தி ஜாஸ்தி. ஒவ்வொரு மாடி போடுற அன்னைக்கும் நல்ல நேரம் பார்த்து, அவரே வந்து, சாமி கும்பிட்டு, முதல் சட்டி கான்கிரீட்டைத் தன் கையால போடுவாரு. எட்டாவது மாடி போடுற அன்னைக்கு வந்து நிக்கிறாரு. கீழ கலவை லாரி வரிசையா நிக்குது. ஐயரு மணியைப் பார்க்கிறாரு. இவ மேல ஏறி வந்தா, ஒரு ஓரத்துல கைப்பிடி கட்டலன்னு கண்டுபிடிச்சா. கட்டாம ஒரு ஆளும் ஏறக் கூடாதுன்னுட்டா. மொதலாளியே சொல்றாரு, போட்டுட்டுக் கட்டிக்கலாம்மான்னு. "சார், விழுந்துட்டு ஏற முடியாது சார்"ங்கிறா. மொதலாளியைப் பார்த்து! கைப்பிடி கட்டி முடிக்கிறதுக்குள்ள ராகு காலம் வந்துடுச்சு. மொதலாளி மூஞ்சி கறுத்துப் போச்சு.

அந்தக் கைப்பிடியா? எங்க செட்டுதான் கட்டணும். மறந்துட்டோம்னு வையுங்களேன். இப்ப அது எதுக்கு?

நான் மெதுவா மொதலாளி பக்கத்துல போனேன். கையைக் கட்டிக்கிட்டு, கொரலைத் தாழ்த்திச் சொன்னேன். மொதலாளி, நான் சொல்லக் கூடாது, ஆனா மனசு கேக்கல, அமாவாசைக்கு நாம கழிச்ச திருஷ்டியை இந்த அம்மா அள்ளிக் குப்பையில போட வெச்சாங்க, அன்னையில இருந்துதான் மொதலாளி தடங்கல் மேல தடங்கலா இருக்குதுன்னு. அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அவரு திரும்பி அவளைப் பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு நான் ஒரு வருஷம் சும்மா வேலை பார்ப்பேன்.

அடுத்த வாரமே ஓசூர் சைட்டுக்கு மாத்திட்டாங்க. கெளம்புற அன்னைக்கு சித்தாளுங்க எல்லாம் மூக்கைச் சிந்துதுங்க. என் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிட்டுப் போய் ஆட்டோவுல வெக்கிறான். அவ என்கிட்ட வந்தா. நான் வேற எங்கேயோ பார்க்கிறேன். "அண்ணா, போய்ட்டு வரேன். லிப்ட் குழி வலையை மட்டும் பார்த்துக்கோங்க அண்ணா, உங்களை நம்பித்தான் போறேன்"ன்னா. பார்த்தீங்களா திமிரை? போகும்போதும் எனக்கு ஒரு வேலை வெச்சிட்டுப் போறா. நான் தலையைக் கூட ஆட்டல. ஆட்டோ கேட்டைத் தாண்டினதும் என் ஆளுங்களுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தேன். மாப்பிள்ளை மட்டும் சாப்பிடல. வயிறு சரியில்லன்னான்.

அவ எடத்துக்கு ஒரு தம்பி வந்தான். தங்கமான ஆளு. ஏசி ரூம்ல உக்காந்து போன் பார்ப்பான், நம்ம வழிக்கே வர மாட்டான். ஹெல்மெட் எல்லாம் ஆணியில ஏறிடுச்சு. மாப்பிள்ளை மட்டும் போட்டுக்கிட்டிருந்தான். மேடம் போயாச்சு, யாருக்குடா காட்டுறேன்னு பசங்க கேலி பண்ணுவானுங்க. "பழகிடுச்சு"ன்னு சிரிப்பான்.

இது வாணியம்பாடியா? அதுக்குள்ள வந்துட்டோமா. தண்ணி இருந்தா குடுங்க தம்பி.

எட்டாவது மாடி பிரிக்கிற வேலை. பிரிச்ச தகடு எல்லாம் கீழ எறங்கணும். எறக்குற மெஷின் ரிப்பேரு. அது சரியாகிற வரைக்கும் உக்காந்திருக்க முடியுமா? லிப்ட் குழி வழியா கயித்துல கட்டி விட்டா சுலபமா எறங்கிடும். எல்லா சைட்டுலயும் அப்படித்தான் பண்ணுவோம். நான் தொழிலுக்கு வந்த நாளா அப்படித்தான். ஆனா வலை குறுக்க நிக்குதே. அவுக்கச் சொன்னேன். மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா வலையையும் அவுத்தோம். வாசல் தடுப்பையும் எடுத்தாத்தானே தகட்டை உள்ள விட முடியும், அதையும் எடுத்தோம். முடிச்சதும் கட்டிக்கலாம்னு ஓரமா சுருட்டி வெச்சோம்.

மாப்பிள்ளை மேல நின்னு எறக்குறான், நான் கீழ நின்னு வாங்குறேன். ஏறுறதுக்கு முன்னால என்கிட்ட வந்து, "மாமா, பெல்ட்டை மாட்டிக்கவா?"ன்னு கேட்டான். கேட்டுட்டுத்தான் ஏறினான். அவ்வளவு மரியாதை என் மேல அவனுக்கு. நான் என்ன சொன்னேன்? மாட்டிக்கிட்டு நீ எப்ப எறக்கி எப்ப முடிப்ப, போடான்னேன். எந்த மேஸ்திரியும் அதைத்தான் சொல்லுவான். நீங்க வேணும்னா எந்த மேஸ்திரியையும் கேட்டுப் பாருங்க.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும். விடு விடுன்னு நான் கீழ இருந்து கொரல் குடுக்கிறேன். அவன் தகட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமாவே நடந்து வந்திருக்கான், வாசல் எங்கன்னு கணக்குத் தப்பிடுச்சு. நான் நிமிர்ந்து பார்க்கிறேன், மேல இருந்து ஏதோ வருது. தகடுதான் வருதுன்னு நெனச்சு நான் ஒதுங்கிட்டேன் தம்பி. ஒதுங்கி நின்னுட்டேன்.

நடுவுல கயித்துல மோதி, தகட்டுக்காகக் கீழ கொட்டி வெச்சிருந்த மணல் மேல விழுந்தான். தலை தப்பிச்சுதுன்னாரு டாக்டரு. ஹெல்மெட் இருந்ததால உயிர் நின்னுதாம். முதுகெலும்புதான் போச்சு.

போலீஸ் வந்துச்சு, கேட்டுச்சு, போச்சு. மொதலாளி வந்து பார்த்தாரு, திருநீறு பூசிட்டுப் போனாரு. அந்த ஏசி ரூம் தம்பி வேலையை விட்டே ஓடிட்டான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவன் என்ன பண்ணுவான்? அவன்தான் எதையும் பார்த்ததே இல்லையே.

என் பொண்ணு ஆஸ்பத்திரியில என்னைக் கிட்ட சேர்க்கிறதில்ல. நான் கொண்டு போற சாப்பாட்டைத் தொடுறதில்ல. மூணாம் நாள் ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அந்த மேடம் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமாப்பா?"ன்னா. கேட்டுட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அப்பத்தான் தம்பி எனக்கு வெளிச்சமாச்சு. என் பொண்ணே சொல்லிட்டா பாருங்க! அவ இருந்திருந்தா ஆயிருக்காது. நெசந்தானே? அவ இருந்திருந்தா நான் வலையை அவுத்த உடனே வந்து நின்னிருப்பா. கத்தியிருப்பா. நானும் கத்தியிருப்பேன். கடைசியில அவதான் ஜெயிப்பா, எப்பவும் அவதானே ஜெயிச்சா, நான் திட்டிக்கிட்டே திரும்பக் கட்டியிருப்பேன். கத்துறதுக்குத்தானே அவளுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க? போகச் சொன்னா போயிடுறதா? நான் போகச் சொன்னேன்னே வையுங்க, மொதலாளி சொன்னாருன்னே வையுங்க, நின்னு சண்டை போட வேணாமா? மொதலாளிகிட்டயே ஒரு கைப்பிடிக்காக மல்லுக்கு நின்னவதானே? தன்னோட வேலைக்கே ஆபத்துன்னு வந்தப்ப மட்டும் வாயைத் தைச்சுக்கிட்டா. பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. எங்க எல்லாரையும் அப்படியே விட்டுட்டுப் போயிட்டா.

போன வாரம் போன் பண்ணேன் அவளுக்கு. திட்டத்தான் பண்ணேன். நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள, "அண்ணா, மணி எப்படி இருக்காரு? சுகந்தி தெனமும் பேசுறாங்க, நான் லீவு போட்டு வந்து பார்த்தேன், உங்களைத்தான் பார்க்க முடியல"ங்கிறா. எனக்குத் தெரியாம வந்திருக்கா. என் பொண்ணு என்னோட பேச மாட்டா, இவளோட தெனமும் பேசுறா. எனக்கு எப்படி இருக்கும்? அப்புறம் கேட்டா. "எனக்கு ஒண்ணுதான் புரியல அண்ணா. அங்க வலை இருந்துச்சே?"

குத்தமாக் கேக்கல. அது எனக்குத் தெரியும். நெசமாவே புரியாமத்தான் கேட்டா. அப்ப என் பொண்ணு அவகிட்ட சொல்லல. மாப்பிள்ளையும் சொல்லல. யாரும் சொல்லல தம்பி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ இருந்திருந்தா இருந்திருக்கும்"னு சொன்னேன். நல்லா அழுத்திச் சொன்னேன்.  அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. அழுதுட்டா. என்னை ஊதச் சொன்னவ, என்னைக் குனிய வெச்சவ, அழுதுட்டா. அழட்டும்னு போனை வெச்சிட்டேன். அன்னைக்கு ஒரு நாள்தான் நான் தூங்கினேன். மறுநாள்ல இருந்து திரும்ப அந்த வலைக் கேள்வியே காதுல கேக்குது. அழ வெச்சது பத்தல. நேர்ல போகணும்.

ஓசூர்ல எறங்கி நேரா அவ சைட்டுக்குத்தான் போவேன். கேட்டுல ஹெல்மெட் குடுப்பான், போட்டுக்குவேன், அதுக்கெல்லாம் சண்டை பிடிக்க மாட்டேன். ஆனா முதல்ல அவளைப் பார்க்க மாட்டேன் தம்பி. முதல்ல லிப்ட் குழி எங்கன்னு கேட்டு, அதைப் போய்ப் பார்ப்பேன். எட்டிப் பார்ப்பேன். அங்க வலை கட்டியிருந்துச்சுன்னு வையுங்க, என் மாப்பிள்ளைக்கு இல்லாத வலை அங்க எவனோ முன்ன பின்ன தெரியாதவனுக்கு அவ கட்டி வெச்சிருந்தான்னு வையுங்க, அப்ப இருக்குது அவளுக்கு.

கட்டியிருப்பா. நாலு மூலையையும் தன் கையால இழுத்துப் பார்த்துத்தான் கட்டியிருப்பா. எனக்குத் தெரியாதா அவளை.